நாற்பது கணக்கையும் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் என்ன கொடுப்பது?

#1 நிலாமுற்றம்

என் மகனுக்கு ஒன்பது வயது. அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு. போன வாரம் அவன் கணக்கு நோட்டைப் புரட்டினேன். ஒரே மாதிரியான பெருக்கல் கணக்கு, மொத்தம் நாற்பது. முதல் பன்னிரண்டை முத்து முத்தாக எழுதியிருக்கிறான். அதற்குப் பிறகு வெறும் விடைதான், அதுவும் நாற்பதாவதில் தொடங்கிக் கீழேயிருந்து மேலே. ஓரத்தில் புள்ளி வைத்து முக்கோணங்கள் போட்டு, பக்கத்தில் 1, 3, 6, 10, 15 என்று 55 வரை எழுதியிருக்கிறான். அதன் மேல் சிவப்பு மையில் "நோட்டில் கிறுக்காதே".

ஏன் இப்படி என்று கேட்டேன். "சீக்கிரம் முடித்தால் இன்னும் இருபது கொடுப்பார்கள். அதனால்தான் மெதுவாகப் போட்டேன்" என்கிறான்.

தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். "ஒரு வகுப்பைத் தாண்டி டபுள் ப்ரமோஷன் வேண்டுமானால் எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் இப்படியே இருக்கட்டும், எப்படியும் முதல் ரேங்க்தானே" என்றார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லையா? ஆசிரியர்களும் இதைத் தாண்டி வந்த பெற்றோர்களும் சொல்லுங்கள்.

#2 உள்ளதைச்சொல்வேன்

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. கையெழுத்து சுத்தமாக வரட்டும், பொறுமை வளரட்டும். நாற்பது கணக்குப் போட்டு யாரும் கெட்டுப்போனதில்லை.

#3 சாக்பீஸ்

உள்ளதைச்சொல்வேன் சார், கெட்டுப்போகிறார்கள். சத்தமில்லாமல் கெட்டுப்போவதால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். வேகமாக முடித்தால் கூடுதல் வேலை என்பது குழந்தையின் பார்வையில் தண்டனை. இந்தப் பையன் அதைப் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைத்திருக்கிறான். புத்திசாலித்தனம்தான், ஆனால் பள்ளியில் கற்றுக்கொள்ள வேண்டிய புத்திசாலித்தனம் அது இல்லை.

நிலாமுற்றம் மேடம், நடுவில் நிறைய இருக்கிறது. நான் அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன், இருபத்திநான்கு வருடமாக. அதில் முதல் பத்து வருடம் நானும் "இன்னும் இருபது போடு" கோஷ்டிதான்.

நான் மாறியது ஒரே ஒரு பழக்கத்தால். பாடம் எடுப்பதற்கு முன்பே தேர்வு வைப்பது. முடிந்த பிறகு வைக்கிற தேர்வையே முதல் நாள் வைத்துவிடுவேன், மதிப்பெண் கிடையாது. யாருக்கு ஏற்கெனவே தெரியும் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். தெரிந்ததைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லாமல், அந்த நேரத்தை மிச்சம் பிடித்து வேறு வேலைக்குக் கொடுக்க வேண்டும். இதைப் பாடச் சுருக்கம் என்பார்கள். ஜோசப் ரென்சுல்லி என்கிற அமெரிக்கக் கல்வியாளர் பரப்பியது. அவர் குழுவில் இருந்த சாலி ரீஸ் முதலானோர் 1993-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கு வழக்கமான பாடத்தில் 40 முதல் 50 சதவீதம் வரை ஆசிரியர்கள் வெட்டிவிட்டார்கள். தரப்படுத்திய தேர்வுகளில் அந்த மாணவர்கள் மற்றவர்களை விடப் பின்தங்கவில்லை. பாதிப் பாடத்தை எடுத்துவிட்டும் ஒன்றும் குறையவில்லை என்றால், அந்தப் பாதி அவர்களுக்கு எதற்கு என்பதுதான் கேள்வி.

இன்னும் எளிதான வழி ஒன்று உண்டு. "கஷ்டமான ஐந்தை முதலில் போடு." பயிற்சியில் மிகக் கடினமான ஐந்து கணக்கை நான் குறித்துவிடுவேன். யார் வேண்டுமானாலும் அதில் தொடங்கலாம். நான்கு சரியாக வந்தால் மீதி முப்பத்தைந்து தேவையில்லை. எல்லோருக்கும் பொது விதி என்பதால் "அவனுக்கு மட்டும் ஏன்" என்ற பேச்சே வராது. ஆச்சரியம் என்னவென்றால், நான் எதிர்பார்க்காத இரண்டு மூன்று பேர் எப்போதும் அந்த ஐந்தைப் போட்டுக் கொண்டுவருவார்கள்.

#4 கடைசிமணி

டீச்சர், படிக்க நன்றாக இருக்கிறது. நானும் ஆசிரியன்தான். என் வகுப்பில் 42 பேர். ஏழெட்டுப் பேருக்கு வாசிக்கவே வராது. மெல்லக் கற்போருக்குத் தனிப் பதிவேடு, தனிப் பயிற்சி, அதற்கு ஆய்வு, ஆய்வுக்கு ஓர் அறிக்கை. போர்ஷன் முடியவில்லை என்றால் என்னைத்தான் கேட்பார்கள். முதல் ரேங்க் எடுக்கிற பிள்ளைக்கு என்ன செய்தாய் என்று இன்று வரை ஒரு அதிகாரியும் கேட்டதில்லை. ஐந்து கணக்கில் முடித்துவிட்டவன் மீதி முப்பது நிமிடம் என்ன செய்வான்? பக்கத்துப் பையனைக் கிள்ளுவான். அவனுக்குத் தனிப் பாடம் தயாரிக்க எனக்கு இரவு இருக்கிறதா?

#5 சாக்பீஸ்

கடைசிமணி சார், இந்தக் கோபம் நியாயமானது, நானும் பட்டதுதான். ஆனால் தனிப் பாடம் தயாரிக்கவே வேண்டாம். ஒரே கேள்வி, ஆழமான கேள்வியாக இருந்தால் போதும். ஒன்று சொல்கிறேன்.

1 முதல் 100 வரை, எந்தெந்த எண்களுக்குக் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வரும்?

கரும்பலகையின் ஓரத்தில் இதை எழுதி வைத்துவிட்டு நான் மற்றவர்களோடு பாடத்தைத் தொடர்ந்தேன். முடித்தவர்கள் அதற்குப் போகலாம். ஒரு சிறுமி 12-ஐ எடுத்தாள். 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகள். 10-க்கு நான்கு. எல்லாம் இரட்டைப்படையாகவே வருகிறது என்று சலித்துக்கொண்டாள். 9 வந்தது. 1, 3, 9. மூன்றுதான். எதையோ விட்டுவிட்டோம் என்று நினைத்துத் திரும்ப எண்ணினாள். அப்புறம் 12-ன் காரணிகளை வளைகோடு போட்டு ஜோடி சேர்த்தாள். ஒன்றோடு பன்னிரண்டு, இரண்டோடு ஆறு, மூன்றோடு நான்கு. 9-க்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. "டீச்சர், இந்த மூன்றுக்கு ஜோடி அதுவேதான்!" என்றாள். வர்க்க எண்கள் என்ற பெயரை நான் அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

அவள் மேல்வகுப்புப் பாடம் எதையும் படிக்கவில்லை. அதே காரணிகள் பாடம்தான், இன்னும் கொஞ்சம் கீழே தோண்டினோம். இதைச் செறிவூட்டல் என்று சொல்கிறார்கள். அந்தப் பெயரில் படம் வரைந்து வண்ணம் தீட்டச் சொல்கிற பள்ளிகளும் உண்டு, அதை விட்டுவிடுங்கள்.

நிலாமுற்றம் மேடம், உங்கள் பையனுக்கு அடுத்த கேள்வி: 1 முதல் 100 வரை, சரியாக மூன்றே காரணிகள் உள்ள எண்கள் எவை? விடையை யாரும் இங்கே போடாதீர்கள், பிள்ளை எட்டிப் பார்க்கலாம்.

#6 தாவியவன்

டபுள் ப்ரமோஷன் பற்றி அனுபவஸ்தன் சொல்கிறேன். எனக்கு ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை கொடுத்தார்கள். பதினோரு வயதில் பதின்மூன்று வயதுக்காரர்களோடு உட்கார்ந்தேன். பாடம் பிடித்தது. முதல்முறையாக வகுப்பில் யாராவது எனக்குத் தெரியாததைச் சொன்னார்கள், அந்தச் சந்தோஷத்தை இன்றும் மறக்கவில்லை. விளையாட்டு பீரியடில்தான் அடி. மூளைக்குப் பதின்மூன்று, காலுக்குப் பதினொன்று. அணி பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுகிறவன் நான்தான்.

இன்னொரு தொல்லையை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தாண்டிய வருடத்தில் எதிர் எண்கள் இருந்தன. அது எனக்குத் தெரியும் என்று பள்ளி நினைத்தது, தெரியும் என்று நானும் நினைத்தேன். கழித்தலில் இரண்டு கழித்தல் குறி வந்தால் ஏன் கூட்டுகிறோம் என்பது கல்லூரி போகும் வரை எனக்கு ஒரு மந்திரமாகவே இருந்தது. தாண்டுகிற வகுப்பின் பாடத்தில் எது தெரியும், எது தெரியாது என்று ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தாண்ட வையுங்கள்.

வருத்தமா என்றால் இல்லை. ஒரு வகுப்போடு நிறுத்தியிருக்கலாம் என்று தோன்றும், சில நாள்.

#7 தரவுப்பூனை

தாவியவன் சொன்னதைப் படித்துவிட்டு டபுள் ப்ரமோஷன் ஆபத்து என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்தத் துறையில் அதிகம் ஆராயப்பட்ட விஷயங்களில் இதுவும் ஒன்று. ஜூலியன் ஸ்டான்லி 1971-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். 12, 13 வயதுப் பிள்ளைகளுக்கு, கல்லூரியில் சேரப் போகிறவர்கள் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வைக் கொடுத்துப் பார்த்தார். வகுப்புத் தேர்வில் எல்லோரும் நூற்றுக்கு நூறு, உயர்ந்த தேர்வு வைத்தால்தான் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியும் என்பது அவர் வாதம். ஆறடி ஆளை நாலடி அளவுகோலால் அளந்தால் நாலடிக்கு மேல் என்றுதானே வரும்? அந்தப் பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஏறக்குறைய ஒரே திறன் உள்ளவர்களில், வகுப்பைத் தாண்டியவர்கள் அறிவியல், கணிதத் துறைகளில் முனைவர் பட்டம் வரை போவது கூடுதலாக இருந்தது.

ஆஸ்திரேலியாவில் மிராக்கா கிராஸ், மிக மிக உயர்ந்த திறன் உள்ள 60 பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அதில் வயதுக்கேற்ற வகுப்பிலேயே நிறுத்தி வைக்கப்பட்டவர்கள்தான் நட்பு விஷயத்திலும் அதிகம் தவித்தார்கள். நாம் பயப்படுவதற்கு நேர் எதிர்.

ஆனால் யாரைத் தாண்ட வைப்பது என்பதற்கு நிதானம் வேண்டும். அயோவா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு மதிப்பீட்டுப் படிவம் உருவாக்கியிருக்கிறார்கள். திறன் தேர்வைத் தவிர அதில் இரண்டு கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். போகப் போகிற வகுப்பில் அண்ணனோ அக்காவோ இருக்கிறார்களா? இருந்தால் வேண்டாம். பிள்ளைக்கு இதில் விருப்பமா? இல்லையென்றால் வேண்டாம். நாம் பெரும்பாலும் இரண்டாவதைக் கேட்பதே இல்லை.

#8 நிலாமுற்றம்

கேட்டேன். "என் நண்பன் இங்கேதான் இருக்கிறான், கணக்குக்கு மட்டும் வேண்டுமானால் போகிறேன்" என்கிறான். அப்படி ஒன்று உண்டா?

#9 சாக்பீஸ்

தாராளமாக உண்டு. ஒரு பாடத்துக்கு மட்டும் மேல்வகுப்புக்குப் போய்விட்டுத் திரும்பி வருவது. தடை எதுவென்றால், நீங்கள் நினைக்கிற மாதிரி சட்டமோ விதியோ இல்லை, டைம் டேபிள். நான்காம் வகுப்புக் கணக்கு பீரியடும் ஆறாம் வகுப்புக் கணக்கு பீரியடும் ஒரே நேரத்தில் வர வேண்டும். வராவிட்டால் அவனுக்குத் தமிழோ விளையாட்டோ போய்விடும். தலைமையாசிரியையிடம் தத்துவம் பேசாதீர்கள், டைம் டேபிளை எடுத்துக்கொண்டு போங்கள்.

#10 குறில்நெடில்

இங்கே எல்லோரும் முதல் ரேங்க் பிள்ளையைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மகள் கடைசி ரேங்க். எழுத்துகள் இடம் மாறும், ஒரு பத்தி எழுத ஒரு பீரியட் ஆகும். அவளை மெல்லக் கற்போர் பட்டியலில் வைத்திருந்தார்கள். அறிவியல் ஆசிரியர் ஒருவர் மட்டும், எழுத வேண்டாம், வாயால் சொல் என்றார். பல்பு ஏன் தொடர் இணைப்பில் மங்குகிறது என்று பத்து நிமிடம் விளக்கியிருக்கிறாள், கூடவே ஒரு பல்பைக் கழற்றினால் என்ன ஆகும் என்று கேட்காமலே சொல்லியிருக்கிறாள். டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடும், மீத்திறன் என்கிற வயதை மீறிய திறமையும் ஒரே பிள்ளையிடம் இருக்கலாம். அப்படி இருந்தால் ஒன்றை ஒன்று மறைத்துவிடும். பார்ப்பவர்களுக்குச் சராசரிப் பிள்ளையாகத் தெரியும், இல்லையென்றால் சோம்பேறியாகத் தெரியும். இப்போது அவளுக்கு வாசிப்புக்குத் தனி உதவியும் உண்டு, அறிவியலில் கூடுதல் சவாலும் உண்டு. வாசிப்பு சரியான பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்று காத்திருந்தால் இரண்டும் போயிருக்கும்.

#11 தரவுப்பூனை

குறில்நெடில் தொட்டதுதான் மையமான சிக்கல். யாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலேயே கோணல் இருக்கிறது. லூயிஸ் டெர்மன் 1921-ல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அறிவுத்திறன் தேர்வால் தேர்வானார்கள். அவர்களில் ஒருவரும் நோபல் பரிசு வாங்கவில்லை. வடிகட்டும்போது மதிப்பெண் போதவில்லை என்று வெளியே நின்ற இரண்டு பையன்கள் வாங்கினார்கள். வில்லியம் ஷாக்லி 1956-ல், லூயிஸ் அல்வாரெஸ் 1968-ல்.

அதற்காகத் தேர்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃபுளோரிடாவின் ஒரு பெரிய பள்ளி மாவட்டத்தில், ஆசிரியரோ பெற்றோரோ பெயர் கொடுத்தால் மட்டும் சோதிப்பது என்ற வழக்கத்தை மாற்றி, இரண்டாம் வகுப்பில் எல்லோருக்கும் தேர்வு வைத்தார்கள். ஏழைப் பிள்ளைகளும் கறுப்பின, ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பிள்ளைகளும் தேர்வாவது மளமளவென்று கூடியது. பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் இதை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். பிறகு நிதி வெட்டு வந்து அந்தப் பொதுத் தேர்வை நிறுத்தியதும் பழைய இடைவெளி திரும்பிவிட்டது. பிள்ளைகள் மாறவில்லையே. அதனால் பெற்றோர் போய்க் கேட்டால்தான் கதவு திறக்கும் என்ற முறை, கேட்கத் தெரிந்த பெற்றோருக்கான முறை. நிலாமுற்றம் அக்கா, உங்களைச் சொல்லவில்லை. சரி, உங்களையும்தான்.

#12 ஒரேபந்தி

நான் இந்த இழையின் அடிப்படையையே ஏற்கவில்லை. மீத்திறன், மெல்லக் கற்போர் என்று எட்டு வயதில் முத்திரை குத்திப் பிரித்தால் பொதுப் பள்ளி எதற்கு? மேலே போனவர்களுக்கு நல்ல ஆசிரியர், கீழே இருப்பவர்களுக்கு மிச்சம். சிங்கப்பூர் 1984-ல் தொடங்கிய மீத்திறன் திட்டத்தையே இப்போதைய வடிவத்தில் நிறுத்தப் போவதாக 2024-ல் அறிவித்துவிட்டது.

#13 சாக்பீஸ்

ஒரேபந்தி தோழர், சிங்கப்பூர் அறிவித்ததன் மீதியையும் சொல்லுங்கள். சில பள்ளிகளில் மட்டும் இருந்ததை எடுத்துவிட்டு, எல்லாத் தொடக்கப் பள்ளியிலும் அந்தந்தப் பள்ளியிலேயே கூடுதல் பாடம் என்கிறார்கள். சவாலை எடுக்கவில்லை, பரப்புகிறார்கள்.

எடுத்த இடமும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் சமத்துவம் கருதி 2014-ல் எட்டாம் வகுப்பிலிருந்து இயற்கணிதத்தை எடுத்து ஒன்பதுக்குத் தள்ளினார்கள். நோக்கம் நல்லது. வசதி உள்ளவர்கள் வெளியே பணம் கட்டிப் படித்துக்கொண்டார்கள், வசதி இல்லாத கெட்டிக்காரப் பிள்ளைக்குத்தான் வழி அடைபட்டது. பத்து வருடம் கழித்து, 2024-ல், திரும்பக் கொண்டுவா என்று மக்களே வாக்களித்தார்கள். அரசுப் பள்ளியில் கிடைக்காததைப் பணக்காரப் பிள்ளை வேறு எங்காவது வாங்கிக்கொள்ளும், ஏழைப் பிள்ளைக்கு நாம் கொடுப்பதுதான் எல்லாம். இந்த ஒரு காரணத்துக்காகவே இது பொதுப் பள்ளியின் வேலை என்கிறேன்.

முத்திரை வேண்டாம் என்பதில் நான் உங்கள் கட்சி. என் வகுப்பில் காரணிகளில் முந்துகிறவள் வடிவியலில் திணறுகிறாள். அதனால் பாடத்துக்குப் பாடம் முன்தேர்வு வைத்து, குழுவைக் கலைத்துக் கலைத்து அமைக்கிறேன். எனக்குப் பட்டியல் வேண்டியதில்லை.

#14 ஒரேபந்தி

குழுவைக் கலைப்பதாக இருந்தால் எனக்குச் சண்டை இல்லை. நடைமுறையில் எத்தனை பேர் கலைக்கிறார்கள் என்பதில் சந்தேகம் உண்டு.

#15 மாலைவகுப்பு

மேல்நிலை வகுப்பு எடுக்கிறேன், அதனால் அடுத்த கட்டத்தைப் பற்றி மட்டும். பதினாறு, பதினேழு வயதில் "முன்னேறிய பாடம்" என்றாலே அமெரிக்காவின் ஏ.பி.யும் (அட்வான்ஸ்டு ப்ளேஸ்மென்ட்) 1968-ல் ஜெனீவாவில் தொடங்கிய ஐ.பி.யும்தான் (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) எல்லோர் வாயிலும். ஏ.பி.யை 1955-ல் காலேஜ் போர்டு என்ற அமெரிக்கத் தேர்வு அமைப்பு ஏற்றது, மறு வருடம் தேர்வு நடத்தியது, மதிப்பெண் 1 முதல் 5 வரை. நல்ல பாடங்கள்தான். ஆனால் ஏ.பி. கல்லூரியின் முதலாண்டுப் பாடத்தைப் பள்ளிக்கு இறக்கியது, ஐ.பி. கல்லூரிக்குத் தயார் செய்வது. இரண்டுமே மீத்திறன் பிள்ளைக்கென்று யோசித்துச் செய்தவை இல்லை. வேகம் இருக்கும், பளு இருக்கும். நின்று யோசிக்க நேரம் பல இடங்களில் இருக்காது. எட்டுப் பாடம் எடுத்து எட்டிலும் 5 வாங்கியவள், "சொந்தமாக ஒரு கேள்வியை எடுத்து ஆறு வாரம் ஆராய்ந்து பார்" என்றதும் அழுதாள். அப்படி ஒரு வேலையை அவளிடம் யாரும் கேட்டதே இல்லை. ஐ.பி.யில் 4,000 சொல்லில் ஓர் ஆய்வுக் கட்டுரை கட்டாயம், அந்த ஒன்றுக்காகவே அதன் மேல் எனக்கு மரியாதை. அப்படி ஒரு கட்டுரையை எந்தப் பாடத்திட்டத்தோடும் சேர்க்கலாம், யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம்.

#16 பென்சில்டப்பா

ஒன்று விட்டுப்போனது. முடித்துவிட்ட பிள்ளையைக் குட்டி டீச்சர் ஆக்குவது. "நீ முடித்துவிட்டாயா, அவனுக்குச் சொல்லிக்கொடு." எப்போதாவது என்றால் நல்லது, சொல்லிக்கொடுத்தால் தனக்கே தெளியும். நான் ஆறாவது முதல் எட்டாவது வரை தினமும் செய்தேன். நான் பெண் பிள்ளை, அமைதி, கையெழுத்து அழகு. என்னோடு அதே வேகத்தில் முடித்த பையன்களை ஒலிம்பியாட் பயிற்சிக்கு அனுப்பினார்கள், நான் மற்றவர்கள் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கினேன். கணக்கு அப்படியே நின்றுவிட்டது.

#17 கடைசிமணி

அக்கா, உறைத்தது. என் வகுப்பில் இப்போது அப்படி ஒரு பெண் இருக்கிறாள். நாளை முதல் வேறு வழி பார்க்கிறேன். கரும்பலகை ஓரக் கேள்வியைத் திங்கள்கிழமை போட்டுப் பார்த்தேன், சாக்பீஸ் டீச்சர். பதினோரு பேர் எடுத்தார்கள், கிள்ளுகிறவனும்தான்.

#18 நிலாமுற்றம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். டைம் டேபிளோடு போனேன். ஒரு வாரத்தில் மூன்று நாள் பீரியட் பொருந்துகிறது, அந்த மூன்று நாளும் ஆறாம் வகுப்பில் கணக்கு. முதல் நாள் போய்விட்டு முகம் வாடி வந்தான். "அவர்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை" என்றான். இதுவரை அந்த வார்த்தையை அவன் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி, அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை. மீதி இரண்டு நாள் நான்காம் வகுப்பிலேயே, கஷ்டமான ஐந்து.

மூன்று காரணிகள் கேள்விக்கு முதலில் 4, 9, 16, 25, 36 என்று எல்லா வர்க்கத்தையும் எழுதினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை பார்த்தால் 16, 36 எல்லாம் அடிக்கப்பட்டிருக்கின்றன. 4, 9, 25, 49 மட்டும் நிற்கின்றன. பக்கத்தில் "பகா எண்ணின் வர்க்கம்" என்று எழுதி, அதில் ஒரு எழுத்துப்பிழை.

இப்போது அவனாகவே நான்கு காரணிகளுக்குப் போய்விட்டான். 6, 8, 10, 14, 15 வரை பட்டியல் இருக்கிறது. 6, 10, 14, 15 எப்படி வருகின்றன என்று தெரியுமாம். 8 மட்டும் ஏன் அந்தக் கூட்டத்தில் இருக்கிறது என்று தெரியவில்லையாம். யாரும் சொல்லிவிடாதீர்கள்.